பவளத்துக்கு நீலம், நஃபீசாவுக்கு வெள்ளை

அப்துல் ஹலீம் பாய் வீட்டு ஜன்னலிலிருந்து போன வருஷம் ஒரு மாதம் முழுக்க சாயங்காலமானால் நீல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கோட்டக்குப்பத்தில் எங்கள் தெரு குறுகலானது. அந்த நீலம் எதிர்ச் சுவரில் படும், குப்பைத் தொட்டியில் படும், என் வீட்டுக் கொடியில் காயும் வேட்டியிலும் படும். பால்காரர் என்னிடம் வந்து, "இன்னா சார், பாய் வீட்ல ஸ்டுடியோ கீது தொறந்துட்டாரா?" என்று விசாரித்தார்.

உள்ளே இருந்தது ஒரு மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், இரண்டு ஆரஞ்சு மீன்கள், நாலைந்து துண்டு உயிருள்ள பவளம். கடல் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். அப்படி இருக்கும்போது பாக்கெட் உப்பு வாங்கிக் கரைத்து, வீட்டுக்குள் இன்னொரு கடலை வைக்கிறவரை என்னவென்று சொல்வது? நான் பைத்தியம் என்றுதான் சொன்னேன். அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ஆமா ராஜ் சார், பைத்தியந்தான்" என்று சிரித்துவிட்டு, தொட்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

என் பெயர் இருதயராஜ். பாண்டிச்சேரியில் மில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். பொழுது போகாதவன் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் எங்கே கூப்பிட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இந்தப் பவள விவகாரத்தில் பாயோடு நான் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

பாய் இருபத்தோரு வருஷம் ஷார்ஜாவில் இருந்தார். அங்கே ஒரு ஓட்டலின் முன்கூடத்தில் சுவர் அளவுக்கு ஒரு பவளத் தொட்டி உண்டாம். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. பார்த்துக்கொள்வது என்றால், கண்ணாடியை உள்ளும் புறமும் துடைப்பது, உப்பு கரைப்பது, மீனுக்கு உறைந்த இறாலைப் பிய்த்துப் போடுவது. விளக்கு மட்டும் மேலே ஒரு பெட்டிக்குள் பூட்டியிருக்கும். அதை ஒரு பிலிப்பைன்ஸ்காரர் தன் போனிலிருந்தே கூட்டுவார், குறைப்பார். அத்தனை வருஷம் பவளத்தோடு கிடந்தவருக்கு வெளிச்சத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. அது அவர் டிபார்ட்மெண்ட் இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் மனைவி நஃபீசாவுக்குப் போன் போட்டு அந்தத் தொட்டியைச் சொல்லுவாராம். வேறு என்ன சொல்வார் பாவம்? எட்டுப் பேர் படுக்கும் அறையையும் கட்டிலில் மூட்டைப் பூச்சியையுமா சொல்வார்? இன்றைக்கு இது விரிந்தது, அது சுருங்கியது, இந்த மீன் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது என்று அளப்பார். நஃபீசாவுக்குப் பவளம் என்றால் அவள் அம்மா கருகமணியோடு கோத்துப் போட்டிருந்த சிவப்பு மணிதான். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்பாளாம்: "செவப்பா இருக்குதா?"

"செவப்பு, பச்சை, ஊதா எல்லாம் இருக்கு புள்ள."

"நீங்க வந்தப்புறம் எனக்கும் ஒண்ணு வெச்சுக் குடுங்க."

"இன்ஷா அல்லா."

அவர் ஊர் வந்து சேர்ந்தார். ஆனால் அவருக்கு முன்னாலேயே சர்க்கரை நஃபீசாவின் கண்ணுக்கு வந்து சேர்ந்திருந்தது. விழித்திரையில் ரத்தக் கசிவு என்றார்கள். லேசர் வைத்தார்கள், மாதா மாதம் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இவர் கொண்டுவந்த சேமிப்பெல்லாம் அந்த ஊசி வழியாகவே இறங்கிப் போனது. அவள் அரிசியில் கல் பொறுக்குவதை விட்டாள், பிறகு டிவியை விட்டாள், பிறகு வாசலில் போகிறவர்களைக் குரல் வைத்துக் கண்டுபிடிக்கத் தொடங்கினாள். இனி தள்ளிப் போட முடியாது என்று தெரிந்த பிறகுதான் பாய் தொட்டி வைக்கக் கிளம்பினார். இது தெரியாமல்தான் நான் பைத்தியம் என்று சொல்லியிருந்தேன். காரணம் தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

சென்னை கொளத்தூர் கடையிலிருந்து பவளம் வந்தது. வெளிநாட்டிலிருந்து பில்லோடு வருகிற மென்மையான ரகம். நம் கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் கேஸ் போடுவார்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். குடைக் காளான் போல ஒன்று, பச்சை பட்டன்கள் கொத்தாக ஒன்று, நஃபீசாவுக்காகவே தேடிப் பிடித்த உள்ளங்கை அகலச் சிவப்புத் துண்டு ஒன்று. பவளம் பேரம் படிந்த விலையில் வந்துவிட்டது. அதற்கேற்ற விளக்கின் விலையைக் கேட்டதும் பாய் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஒரு பழைய பைக் வாங்கலாம் சார்" என்றார்.

அப்போதுதான் விழுப்புரத்தில் ஒருவர் தன் தொட்டியைக் கலைத்துவிட்டு விளக்கை விற்கிறார் என்று போனில் ஒரு விளம்பரம் வந்தது. இரண்டு பேரும் பஸ் ஏறினோம். திருமுருகன் என்ற அந்தத் தம்பி தனியார் கல்லூரியில் வாத்தியார். குழந்தை பிறந்திருக்கிறது, தொட்டிக்கு நேரமில்லை என்று விளக்கைக் கழற்றித் துடைத்து வைத்திருந்தார்.

"இதுல வெள்ளை பல்பு முக்காவாசி போயிடுச்சு பாய். அதான் இந்த வெலைக்குத் தர்றேன். நீலம் எல்லாம் அப்படியே இருக்கு" என்றார்.

"வெள்ளை இல்லாம பவளம் பொழைக்குமா தம்பி?"

"நீலம்தான் அதுக்குச் சாப்பாடே. கடலுக்கு அடியில வேற எந்த வெளிச்சம் போவுது? வெள்ளைங்கிறது நம்ம கண்ணுக்குப் பாக்க நல்லா இருக்கணும்னு வெச்சுக்கிறது. அதையே ரொம்ப வெச்சீங்கன்னா வெளுத்துப் போயிடும், அப்புறம் பொழைக்காது."

பாய்க்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! இருபத்தோரு வருஷம் பூட்டிக் கிடந்த பெட்டியின் ரகசியம் பாதி விலைக்குக் கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது விளக்கை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்த என்னிடம் பாண்டிச்சேரி வரை பேசிக்கொண்டே வந்தார். பவளத்துக்கு எது தேவை என்று கேட்டுக்கொண்டோம். நஃபீசாவின் கண்ணுக்கு எது தேவை என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் பவளம் நன்றாக விரிந்தது. அன்றைக்குச் சாயங்கால மக்ரிப் தொழுகை முடிந்ததும் நஃபீசாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் தொட்டிக்கு எதிரே, கை நீட்டினால் கண்ணாடி தொடும் தூரத்தில் உட்கார வைத்தார். நானும் போயிருந்தேன். நீலத்தில் பச்சை பட்டன்கள் தாமாகவே எரிவதுபோல ஒளிர்ந்தன. பைத்தியம் என்று சொன்ன நானே கண்ணாடிப் பக்கம் குனிந்துவிட்டேன்.

நஃபீசா முந்தானையைச் சரி செய்துகொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஜல்தி லைட்ட போடுங்க. எவ்ளோ நேரம் ஒக்காந்துகினு இருக்கிறது?" என்றாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாய் என்னைப் பார்த்தார்.

"ஒயரு லூசா இருக்கு புள்ள. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

அடுத்த முறை கண் டாக்டரிடம் போனபோது பாய் கேட்டார். இந்த நோயில் நீலமும் மஞ்சளும்தான் முதலில் போகும், நீல வெளிச்சம் நஃபீசாவுக்கு இருட்டு மாதிரிதான் என்றார் டாக்டர். நல்ல வெள்ளை வெளிச்சத்தில், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்ச நாளைக்குத் தெரியும், எத்தனை நாள் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றும் சொன்னார். பவளத்துக்கும் ஆகி மனுஷக் கண்ணுக்கும் ஆகிற மாதிரி, இரண்டு வெளிச்சமும் ஒழுங்காகத் தருகிற விளக்கு கொளத்தூரில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அந்த மாத ஊசிக்கே நஃபீசாவின் வளையல் போயிருந்தது. ஏழைக்கு மட்டும் எல்லாமே இதுவா அதுவா என்றுதான் வரும். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

திண்டிவனத்தில் பாண்டுரங்கன் என்பவர் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத்துக் கோயில் திருவிழா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர் கடை விளக்குதான். மலிவாக நல்ல வெள்ளை வெளிச்சம் வேண்டுமென்றால் அங்கே போகச் சொன்னார்கள். போனோம்.

"எந்தக் கோயிலுக்கு பாய்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் பாண்டுரங்கன். "தர்கா விசேஷமா?"

"விசேஷம் ஒண்ணுமில்லீங்க. பவளத்துக்கு."

"பவளமா? ஓ, சம்சாரத்துக்கா?"

எங்கள் பக்கத்தில் பவளம் என்றால் பெண் பெயர்தான். நான் சிரித்துவிட்டேன். பாய் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "ஆமாங்க. சம்சாரத்துக்குத்தான். அவளுக்குக் கண்ணு சரியா தெரியல" என்றார்.

பாண்டுரங்கன் அதற்குமேல் கேட்காமல் இரண்டு ஃப்ளட் லைட்டை எடுத்து வைத்தார். "பெருமுக்கல் மலைமேல கோயிலுக்கு இதான் போட்டேன். கீழ ரோட்ல போற பஸ்ஸுக்கே தெரிஞ்சுது. இதுல தெரியலன்னா அப்புறம் எதுலயும் தெரியாது பாய்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். விலையையும் குறைத்துப் போட்டுக் கொடுத்தார்.

மலைக்குப் போட்ட விளக்கை மூன்றடித் தொட்டிக்குமேல் கட்டினோம். சுவிட்சைப் போட்டதும் கூடமே கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. எனக்குக் கண் கூசியது. நஃபீசா கண்ணாடியோடு மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்தாள்.

"இந்தா, இங்க. செவப்பு."

அவள் விரல் சரியாக அந்தச் சிவப்புத் துண்டின் மேலேயே இருந்தது. பாய் தோள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நானும் கலங்கித்தான் போனேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

அந்தப் பத்துப் பதினைந்து நாள் அந்த வீடு சந்தோஷமாக இருந்தது. நஃபீசா பாதி நேரம் நாற்காலியிலேயே இருந்தாள். மீன் ஓடுவது நிழல் மாதிரி தெரிகிறது என்பாள், பச்சை தெரிகிறது என்பாள், போனில் நீங்கள் சொன்னபோது நான் நினைத்தது வேறு, இது வேறு என்று அவரோடு செல்லமாகச் சண்டை போடுவாள். பாய் இளைஞரைப்போல நடந்துகொண்டிருந்தார்.

பிறகு குடைக் காளான் விரிவதை நிறுத்தியது. பட்டன்கள் மூடிக்கொண்டன. எல்லாவற்றிலும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பாய் படமெடுத்து ஷார்ஜாவுக்கு அந்தப் பிலிப்பைன்ஸ்காரருக்கு அனுப்பினார். வெள்ளை வெளிச்சம் அதிகம், உடனே நிறுத்தி நீலத்துக்குப் போ, இன்னும் காப்பாற்றலாம் என்று பதில் வந்தது. என்னிடம் காட்டினார். நானும், "மாத்திடுங்க பாய், பொழைச்சா அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அன்று சாயங்காலம் வெள்ளையை நிறுத்திவிட்டு விழுப்புரத்து விளக்கைப் போட்டார். நஃபீசா அடுப்படியிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தொட்டி இருக்கும் பக்கம் பார்த்தாள். அடுத்த நிமிஷம் அவள் போட்ட சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது.

"ஏங்க, போயிடுச்சுங்க! கண்ணு போயிடுச்சு, சுத்தமா போயிடுச்சுங்க!"

நான் ஓடினேன். பாய் வெள்ளை விளக்கின் ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தார். வெளிச்சம் வந்ததும் அவள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நீலம் எரியவில்லை.

நாலே நாளில் எல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. பச்சையும் போனது, சிவப்பும் போனது. அதுதான் இந்தக் கதையின் பெரிய கொடுமை, ஏனென்றால் நஃபீசாவுக்கு அப்போதுதான் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. "மாஷா அல்லா! முந்தாநாள் வரைக்கும் சேறு மாதிரி தெரிஞ்சுது. இப்போ நம்ம பள்ளிவாசல் மினாரா மாதிரி பளிச்சுனு இருக்கு பாருங்க. செவப்பு எங்க போச்சு?"

"இது வெள்ளைப் பவளம் புள்ள. ஒசத்தி" என்றார் பாய்.

நான் அவரை வெளியே இழுத்து வந்து கேட்டேன். "தெரிஞ்சே சாகடிக்கிறீங்களே பாய், இது நியாயமா?"

"பேஜாரு பண்ணாதீங்க சார்" என்றார். அந்த மனிதர் என்னிடம் கோபப்பட்டது அது ஒரு தடவைதான். "ரெண்டுல ஒண்ணு சாவத்தான் போவுது. அவ பாத்துட்டுப் போவட்டும்."

குடைக் காளான் முதலில் கரைந்தது. செத்த பவளத்தின் நாற்றம் செத்த மீனைவிட மோசம். தண்ணீர் கெட்டு இரண்டு மீன்களும் மிதந்தன. "இன்னாங்க இது வாடை?" என்று அவள் கேட்டபோது, தெருவில் குப்பை அள்ளவில்லை என்று பழியை முனிசிபாலிட்டி மேல் போட்டார். ஒரு காலை எல்லாவற்றையும் வாளியில் எடுத்துக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிட்டு வந்தார். தொட்டியில் புதுத் தண்ணீரும் வெறும் கற்களும் வைத்தார். தண்ணீர்ச் சத்தத்துக்காக மோட்டாரை ஓடவிட்டார். விளக்கு மக்ரிப் நேரத்துக்குத் தானே எரிகிற மாதிரி ஒரு டைமர் வாங்கி மாட்டினார்.

வெறும் தொட்டிக்கு எதற்கு விளக்கு என்று கேட்கிறீர்களா? அதற்குள் நஃபீசாவின் கண்ணில் உருவம் எல்லாம் போய்விட்டது. டாக்டர் இனி ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெளிச்சம் தெரிகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள், அது தெரிகிற வரை நரம்பில் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்று அர்த்தம் என்றார். பாய் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். தினமும் மக்ரிப் பாங்கு சொன்னதும் நஃபீசா தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்புவாள். "லைட்டு வந்துடுச்சு. தெரியுது" என்பாள். பாய் என் வீட்டு வாசலுக்கு வந்து, "இன்னிக்கும் தெரியுதாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ஷார்ஜாவிலிருந்து போனில் சொன்ன மாதிரியே சொல்லுவார். பச்சை விரிஞ்சிருக்கு, மீனு உள்ள பூந்துக்கினு படுத்திருக்கு. கற்களைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. சாயங்காலம்தான் வந்தது. நான் பாய் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஃபேன் ஓடியது, மோட்டார் ஓடியது. டியூப் லைட் போடவில்லை. பாய்க்குத் தொட்டி வெளிச்சமே போதும், அது வந்துவிடும் என்று இருட்டிலேயே பேசிக்கொண்டிருந்தோம்.

பாங்கு கேட்டது. நஃபீசா தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"லைட்டு வந்துடுச்சு" என்றாள். "தெரியுது."

தொட்டி இருட்டாக இருந்தது. கரண்ட் நின்ற அத்தனை நேரமும் டைமரும் நின்றிருக்கிறது. அது இன்னும் காலையிலேயே இருந்தது. பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எத்தனை நாளாக இப்படி என்று அவர் கணக்குப் பார்ப்பது அந்த இருட்டிலும் எனக்குத் தெரிந்தது. அவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னிக்கு இன்னாவோ ரொம்பக் கூசுது" என்றாள் அவள். "அணைச்சுடுங்களேன். நீங்களும் தெனம் சொல்லிச் சொல்லி களைச்சுப் போறீங்க."

பாய் எழுந்தார். தடவிக்கொண்டே போய் டைமர் பக்கத்துச் சுவிட்சைத் தட்டினார். இரண்டு விளக்கும் ஒருசேர எரிந்தன. அந்த மலைக்கோயில் வெளிச்சம் முழுக்க அவள் முகத்தில் விழுந்தது. அவள் இமைகூட அசையவில்லை.

"அணைச்சுட்டீங்களா?"

"அணைச்சுட்டேன் புள்ள."

"ம். இப்பத்தான் கண்ணுக்கு எதமா இருக்கு" என்றாள்.